டிவி நேரலைக்கு எந்த மியூசிக்கல் (பாட்டு நாடகம்), யாருக்கு எந்த வேடம்? (அமெரிக்கச் சேனல்கள், 2013 முதல் 2021 வரை)

#1 கடைசிவரிசை

2013 டிசம்பர் 5 அன்று என்பிசி ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ நாடகத்தை மூன்று மணி நேர நேரலையாகப் போட்டது. பார்த்தவர்கள் சுமார் 1 கோடியே 86 லட்சம். 2019 ஜனவரி 27 அன்று ஃபாக்ஸ் ‘ரென்ட்’ போட்டது. சுமார் 34 லட்சம். இரண்டுமே பிராட்வேயில், அதாவது நியூயார்க்கின் பெரிய நாடக மேடைகளில், கொடிகட்டிப் பறந்தவை, இரண்டிலும் பாட்டுக்குக் குறைவில்லை. அப்புறம் எங்கே இடறியது? நாடகத் தேர்விலா, நடிகர் தேர்விலா?

‘இப்ப யார் சார் டிவி பாக்குறாங்க’ என்று மட்டும் பதில் போடாதீர்கள். 2014 ‘பீட்டர் பேன்’ 92 லட்சத்துக்கு இறங்கிய பிறகுதான் 2015 ‘தி விஸ்’ 1 கோடியே 15 லட்சத்துக்கும், 2016 ‘கிரீஸ்’ 1 கோடியே 22 லட்சத்துக்கும் ஏறின. அந்தப் பதில் இதை விளக்காது.

#2 திரைச்சீலை

நாடகத்தைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் முதலில் பார்ப்பது கதையை அல்ல, கடிகாரத்தை.

கையில் இருப்பது 180 நிமிடம். விளம்பரமும் சேனலின் சொந்த அறிவிப்புகளும் 40 முதல் 45 நிமிடம் தின்றுவிடும். மிஞ்சுவது 135, நெருக்கிப் பிடித்தால் 140. என்பிசி என்றால் இரவு 11 மணிக்கு உள்ளூர் நிலையங்களின் செய்தி. அதைத் தாண்டி இழுக்க முடியாது, இருபது நிமிடம் முன்னால் முடித்துவிட்டு விழிக்கவும் முடியாது. மேடையில் இரண்டரை மணி நேரம் ஓடுகிற நாடகம் என்றால் வெட்ட வேண்டும். எதை வெட்டுவது என்று உரிமையாளர்களிடம் ஒப்புதல் வாங்க வேண்டும்.

அடுத்தது இடைவேளை. மேடைக்கு ஒரே ஒரு இடைவேளைதான், முதல் அங்கத்தின் கடைசிப் பாட்டு அதற்காகவே எழுதப்பட்டிருக்கும். டிவியில் அதுபோல பத்துக்கும் மேற்பட்ட இடங்கள் தேவை. ஒவ்வொன்றும் மூன்று வேலை செய்ய வேண்டும். பார்ப்பவர் சேனல் மாற்றாதபடி ஏதாவது தொங்கலில் நிற்க வேண்டும். அடுத்த காட்சிக்கான பெரிய அரங்கை அந்த இரண்டரை, மூன்று நிமிடத்தில் தயார் செய்ய முடிய வேண்டும். கதாநாயகி உடை மாற்றி, விக் மாட்டி, மைக்கைச் சோதித்து வந்து நிற்க வேண்டும். இந்த மூன்றும் ஒரே இடத்தில் கூடி வராத நாடகத்தை வைத்துக்கொண்டு படாதபாடு பட வேண்டியதுதான். பாட்டு முடிந்த கையோடு விளம்பரத்துக்குப் போவதும் தப்பு. பாட்டு முடிந்தால் மனசு நிறைந்துவிடும், எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள். பாட்டுக்குப் பின் இருபது, முப்பது வினாடி வசனம் ஓடி, அதில் ஒரு முடிச்சு விழ வேண்டும்.

1957 மார்ச் 31 அன்று சிபிஎஸ்ஸில் ஜூலி ஆண்ட்ரூஸ் நடித்த ‘சிண்ட்ரெல்லா’வுக்கு இந்தத் தலைவலி இல்லை. இசையமைத்த ராட்ஜர்ஸும் பாட்டெழுதிய ஹேமர்ஸ்டைனும் டிவிக்கென்றே எழுதியது அது. 90 நிமிட நேரத்துக்குள், விளம்பரம் எங்கே வரும் என்று தெரிந்தே காட்சிகளை நறுக்கி வைத்திருந்தார்கள்.

#3 ஸ்வரக்கணக்கு

திரைச்சீலை சொன்னதோடு உரிமை விவகாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேடை நாடகம் வேறு, அதே பெயரில் வந்த படம் வேறு. பார்ப்பவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் படம்தான்.

2013 ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’ நேரலை 1959 மேடைப் பிரதியை ஒட்டியது. அதனால்தான் ‘மை ஃபேவரிட் திங்ஸ்’ பாட்டைக் கதாநாயகி மரியா குழந்தைகளோடு பாடாமல் மடத்துத் தலைவியோடு பாடினாள். இடி மின்னல் காட்சிக்கு ‘லோன்லி கோட்ஹெர்ட்’ வந்தது. படத்தில் இல்லாத, எல்சா, மேக்ஸ் என்ற பாத்திரங்களின் பாட்டுகள் இரண்டும் திரும்பி வந்தன. படத்துக்கென எழுதிய ‘சம்திங் குட்’ உள்ளே, அதே படத்தில் வந்த ‘ஐ ஹேவ் கான்ஃபிடன்ஸ்’ வெளியே. படத்தை நாற்பது தடவை பார்த்தவர்கள் அன்றைக்குக் கொதித்துப் போனார்கள். ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று அவர்களுக்கு நினைப்பு. நடந்ததோ பிரதித் தேர்வு.

‘கிரீஸ்’ குழு இதில் சூட்டிகை. 1978 படத்துக்காகத் தனியே எழுதிய பாட்டுகளில் மூன்று, அதாவது பேரி கிப் எழுதிய தலைப்புப் பாட்டும் ஜான் ஃபேரர் எழுதிய ‘ஹோப்லெஸ்லி டிவோட்டட் டு யூ’, ‘யூ ஆர் தி ஒன் தட் ஐ வான்ட்’ இரண்டும், 1970களின் மேடைப் பிரதியில் கிடையாது. நாடக உரிமை வாங்கினால் இவை கூடவே வராது, தனித்தனியாகப் பேச வேண்டும். பேசி வாங்கினார்கள். அந்த மூன்றும் இல்லாத ‘கிரீஸ்’ வெங்காயம் இல்லாத வெங்காய பஜ்ஜி.

சில நாடகங்களில் பிரதியையே திருத்தியாக வேண்டும். ‘பீட்டர் பேன்’ நாடகத்தில் செவ்விந்தியர்களைக் கேலியாகக் காட்டும் பழைய பாட்டு ஒன்று உண்டு. 2014இல் அப்படியே போட்டிருந்தால் நாறிப் போயிருக்கும். பூர்வகுடி இசையமைப்பாளர் ஒருவரை ஆலோசகராக வைத்து, சொற்களையும் தாளத்தையும் மாற்றிப் புதுப் பாட்டாக்கினார்கள்.

#4 திரைச்சீலை

இப்போது நடிகர்கள். நான் பார்க்கும் அளவுகோல் ஒன்றுதான்: இந்த நாடகத்தில் ஒரு பாட்டு வேடம் எத்தனை?

ஒரு பாட்டு வேடம் என்றால் நாடகத்தில் கொஞ்ச நேரமே வந்து, ஒரே ஒரு பாட்டில் அரங்கையே அதிரவைத்துவிட்டுப் போகும் வேடம். பெரிய பாடகர் யாரும் இரண்டு மாதம் ஒத்திகைக்கு வரமாட்டார். ஒரு வாரம் கொடுப்பார். அந்த ஒரு வாரத்தில் ஒரு பாட்டையும் பத்து வரி வசனத்தையும் பழுதில்லாமல் செய்யலாம். சேனலுக்கு விளம்பரப் பலகையில் போடப் பெயர் கிடைக்கும், நாடகத்துக்கும் சேதம் இல்லை.

‘ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டா’ரில் ஏரோது: ஆலிஸ் கூப்பர். ‘கிரீஸ்’ டீன் ஏஞ்சல்: பாய்ஸ் டு மென். ‘தி விஸ்’ சூனியக்காரி: மேரி ஜே. பிளைஜ். எல்லாம் அந்த ரகம்.

சுமையைத் தாங்கும் வேடங்களுக்கு, அதாவது நீளமான வசனக் காட்சிகளுக்கு, மேடையில் வாரம் எட்டுக் காட்சி நடித்துப் பழகியவர்கள் வேண்டும். ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’கில் கேரி அண்டர்வுட் கதாநாயகி. குரல் அபாரம், நடிப்பு அனுபவம் சொற்பம். அவரைச் சுற்றி ஆட்ரா மெக்டொனால்ட், லாரா பெனான்டி, கிறிஸ்டியன் போர்ல் என்று டோனி (பிராட்வே நாடக) விருது வாங்கிய மூன்று பேரை நிறுத்தினார்கள். பாட்டு வந்தபோதெல்லாம் அண்டர்வுட் நின்றார். வசனம் வந்தபோது மற்றவர்கள் தாங்கினார்கள். தாங்க ஆளில்லாமல் இவரும் ஸ்டீஃபன் மோயரும் தனியாக நின்ற காட்சிகள்தான் தொய்ந்தன.

‘ரென்ட்’ எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய சம கனமுள்ள எட்டு வேடங்கள். ‘சீசன்ஸ் ஆஃப் லவ்’ பாட்டின் தனிக்குரலை விட்டால் விருந்தாளி வந்து போக இடமே இல்லை. எட்டுப் பேரும் ராக் பாடணும், நடிக்கணும், முழு ஒத்திகைக்கும் வரணும். பெரிய பெயர்களுக்கு அங்கே எப்படி இடம் இருக்கும்?

#5 குறுக்குக்கேள்வி

> ஒரு பாட்டு வேடம் எத்தனை?

அழகான கணக்கு, ஆனால் பார்வையாளர் எண்ணிக்கையை அது விளக்கவில்லையே. ‘ஆனி’யில் (2021 டிசம்பர் 2) நீங்கள் சொல்கிற எல்லாமே இருந்தது. டராஜி ஹென்சன், ஹாரி கானிக் ஜூனியர், டைட்டஸ் பர்ஜஸ். ஊருக்கே தெரிந்த பாட்டு. வந்தது சுமார் 53 லட்சம். ‘ரென்ட்’ சறுக்கியதற்கு வேடக் கணக்கைவிடப் பெரிய காரணம் கதை. எய்ட்ஸ், போதை, வாடகை கட்ட முடியாத கலைஞர்கள். பாட்டியும் பேத்தியும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கும் சமாசாரமா அது? போதாக்குறைக்கு, ஆபாசச் சொல்லுக்கு அமெரிக்க ஒளிபரப்பு விதியில் சலுகை இரவு 10 முதல் காலை 6 வரைதான். நிகழ்ச்சியோ அதற்கு முன்பே தொடங்குகிறது. பல்லைப் பிடுங்கிய ‘ரென்ட்’ யாருக்கு வேண்டும்? ரசிகனுக்கும் பிடிக்காது, குடும்பத்துக்கும் பிடிக்காது.

இன்னொன்று, ‘எ கிறிஸ்துமஸ் ஸ்டோரி’ (2017, ஃபாக்ஸ், சுமார் 45 லட்சம்). படம் எல்லாருக்கும் தெரியும், மியூசிக்கலின் பாட்டு எதுவும் யாருக்கும் தெரியாது. மூன்று மணி நேரம் தெரியாத பாட்டு கேட்க யார் உட்காருவார்கள்?

#6 திரைச்சீலை

ஒப்புக்கொள்கிறேன். என் அளவுகோல் நாடகம் நிற்குமா விழுமா என்பதற்கு, எத்தனை பேர் பார்ப்பார்கள் என்பதற்கு அல்ல. ‘ஆனி’ நன்றாகவே நின்றது. அதில் லில்லியாக வர இருந்த ஜேன் க்ராகவ்ஸ்கிக்குக் கோவிட் வந்து, ஒளிபரப்புக்குச் சில நாட்களே இருக்கும்போது மேகன் ஹில்டி உள்ளே வந்தார். வேடம் சின்னது, வந்தவர் பிராட்வேக்காரர். அதனால் தையல் தெரியவில்லை. இதையே டராஜி ஹென்சன் நடித்த பெரிய வேடமான மிஸ் ஹன்னிகனுக்குச் செய்ய முடியுமா?

நேர்மாறாக, நட்சத்திரத்தையே அச்சாணியாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு ‘பை பை பேர்டி’. ஜெனிஃபர் லோபஸை நம்பி 2017க்கு அறிவித்தார்கள், 2018க்குத் தள்ளினார்கள், தேதி ஒத்துவராமல் கடைசியில் கைவிட்டார்கள்.

#7 ஸ்வரக்கணக்கு

நடிகர் தேர்வில் வெளியே பேசப்படாத ஒரு செலவு சுருதி. நட்சத்திரத்தின் குரலுக்காகப் பாட்டை இறக்குவது சாதாரணமாக நடக்கும். அரை சுரம், ஒரு சுரம் என்றால் இசைத்தாள் நகலெடுப்பவர் மாற்றிக் கொடுத்துவிடுவார். அதற்கு மேல் போனால் வாத்தியக் கோர்ப்பையே திரும்ப எழுத வேண்டும். வயலினின் கடைசித் தந்தி ‘ஜி’, அதற்குக் கீழே சுரமே கிடையாது. அந்த வரியை வியோலாவுக்குக் கொடுத்தால் நிறம் மாறும். கூடவே பாடும் கோஷ்டியின் அடிக்குரல் தரையைத் தட்டும். டூயட் என்றால் எதிரே பாடுபவருக்கு அந்தச் சுருதி ஒத்துவருமா என்றும் பார்க்க வேண்டும். ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்து விழும் முன்னரே பியானோவோடு உட்கார்ந்து எல்லாப் பாட்டையும் பாடவைத்துவிடுவது நல்லது. காலையில் ஒரு தடவை, ஆடி முடித்து மூச்சிரைக்கும்போது இன்னொரு தடவை. இரண்டாவதில் தாங்குகிற சுருதிதான் அவருடைய சுருதி.

சிறுவர்கள் இருந்தால் இன்னும் இரண்டு விஷயம். ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’கில் கர்ட் என்ற பையனுக்கு விடைபெறும் பாட்டில் ஓர் உச்ச சுரம் உண்டு. ஆகஸ்டில் தேர்ந்தெடுத்த பையனின் குரல் டிசம்பருக்குள் உடையலாம். அதே வயது வரம்பில் அந்தச் சுரத்தைப் பாடக்கூடிய இன்னொருவரையும் அந்தக் குழந்தைகள் கூட்டத்திலேயே வைத்திருக்க வேண்டும். உயரமும் அப்படித்தான். ஏழு பேரையும் படிக்கட்டாக நிறுத்திப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருப்பார்கள், நாலு மாதத்தில் ஐந்தாவது படி நாலாவதைத் தாண்டியிருக்கும். கலிஃபோர்னியாவில் எடுத்தால் 9 முதல் 15 வயதுப் பிள்ளைக்குப் பள்ளி நாளில் 5 மணி நேரம்தான் வேலை, 3 மணி நேரம் படிப்பு. ஒத்திகை அட்டவணையே இதைச் சுற்றித்தான் எழுதப்படும்.

புதுமுகம் பற்றி ஒரு வார்த்தை. ‘தி விஸ்’ ஷனீஸ் வில்லியம்ஸ், ‘ஹேர்ஸ்பிரே’ மேடி பெய்லியோ இருவரும் பொதுத் தேர்வில் வந்தவர்கள். டாரதி, டிரேசி மாதிரி நாடகம் முழுக்க மேடையிலேயே நிற்கும் இளம்பெண் வேடங்களுக்கு இதுதான் சரி. முழு நேரமும் ஒத்திகைக்கு வருவார்கள், இரவு முழுக்கப் பாடத் தொண்டை இருக்கும். சுற்றிலும் பெயர்களை அடுக்கிக்கொள்ளலாம். ‘விஸ்’ஸில் எம் அத்தையாக வந்தவர் 1975 மேடையின் முதல் டாரதி ஸ்டெஃபனி மில்ஸ். பழைய ரசிகர்களுக்கு அதுவே விருந்து.

#8 ஒலிப்பெட்டி

நாடகம், நடிகர் எல்லாம் சரி. எல்லாத்தையும் கவுக்கிறது சத்தம்தான். யாருமே சொல்லலையே.

முக்கிய நடிகருக்கு மைக் ஒண்ணு போதாது, ரெண்டு. முன்நெற்றி முடிக்கடியில ரெண்டும், ரெண்டுக்கும் தனித்தனி டிரான்ஸ்மிட்டர். வேர்வை உள்ள போனா மைக் சத்தம் மூழ்கிப் போகும், தலையணைக்குள்ள பேசுற மாதிரி. ஒலிக்கலவைக்காரர் அந்த நிமிஷமே ரெண்டாவதுக்கு மாறணும். அதனால விக் வைக்கிற வேடம் எங்களுக்குச் சுகம், தொப்பி வேடம் தலைவலி. தொப்பி விளிம்புல குரல் பட்டுத் திரும்பும், கழட்டி மாட்டும்போது உரசும். ‘விஸ்’ தகர மனுஷன் மாதிரி உடைன்னா துணி தைக்கும்போதே ஒலிக்காரரைக் கூப்பிடணும்.

ரெண்டு பேர் கட்டிப்பிடிச்சுப் பாடுற டூயட். அவன் குரல் அவ மைக்குல, அவ குரல் அவன் மைக்குல. ரெண்டு மைக்கையும் திறந்து வச்சா குழாய்க்குள்ள பாடுற மாதிரி கேக்கும். அந்த அணைப்பு நேரத்துக்கு ஒருத்தர் மைக்கை இறக்கிட்டு மத்தவர் மைக்குலயே ரெண்டு பேரையும் எடுக்கணும். இதுக்குத்தான் வரிக்கு வரி விரலை வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. இயக்குநர் கடைசி நேரத்துல அணைப்பை ரெண்டு வரி முன்னால தள்ளிட்டு எங்ககிட்ட சொல்லலைன்னா, வீட்டுல கேக்குறவனுக்குப் பாதி வரி காணாம போகும்.

வாத்தியக்காரங்க வேற அறையில இருந்தா, கையசைச்சுத் தாளம் காட்டுற இசை நடத்துநரை நடிகர் திரையில பாக்கணும். அந்தத் திரைதான் வினை. புது எல்சிடி திரை மூணு ஃபிரேம் பிந்திக் காட்டுச்சுன்னா பத்துல ஒரு பங்கு வினாடி போச்சு. நிமிஷத்துக்கு 120 அடி ஓடுற பாட்டுல ஒரு அடியே அரை வினாடிதான், அதுல அஞ்சுல ஒரு பங்கு. நடிகர் பிந்துவார், நடத்துநர் அவருக்காக இழுப்பார், அவர் இன்னும் பிந்துவார். பழைய பெட்டி மானிட்டர்ல இந்தத் தாமதம் இல்ல. தூக்கிப் போட மனசு வராம நாடகக்காரங்க அதைக் கட்டிக்கிட்டு அழுதது அதனாலதான். சத்தம் திருப்பிக் கேக்குற ஸ்பீக்கரும் அப்படியே. 34 மீட்டர் தள்ளி இருந்தா பத்துல ஒரு பங்கு வினாடி. செடித்தொட்டிக்குள்ள, சோஃபாவுக்கடியில, எங்க முடியுமோ அங்க நடிகர் பக்கத்துலயே ஒளிச்சு வைக்கணும்.

‘சூப்பர்ஸ்டார்’ புரூக்ளின்ல பழைய ஆயுதக் கிடங்குல நடந்தது. வாத்தியக்காரங்களை அரங்குலயே, கண்ணுக்குத் தெரியுற மாதிரி வச்சாங்க. பாதிப் பிரச்சினை அங்கயே போச்சு. வசனமே இல்லாம முழுக்கப் பாட்டு, நீளமும் குறைவு. எங்க பார்வையில நேரலைக்கு அளவெடுத்துத் தைச்ச நாடகம்னா அதான்.

#9 குறுக்குக்கேள்வி

அங்கே பார்வையாளர் கூச்சலில் பாட்டே கேட்கவில்லை என்று புலம்பினார்களே. பார்வையாளர் இல்லாமலே நடத்தினால் என்ன? முதல் மூன்று என்பிசி நாடகங்களும் காலி ஸ்டுடியோவில்தானே நடந்தன.

#10 கடைசிவரிசை

அந்த மூன்றையும் திரும்பப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் ஒரு நொடி மயான அமைதி. நகைச்சுவை வரிக்குப் பின் நடிகர் சிரிப்புக்காக இடம் விடுவார், சிரிப்பு வராது. ‘பீட்டர் பேன்’னில் கிறிஸ்டோஃபர் வாக்கன் நடித்த கடற்கொள்ளைத் தலைவன் ஹூக் அந்த அமைதியில்தான் கிணற்றுக்குள் பேசுவது போல இருந்தது. அதே நடிப்பு நானூறு பேர் எதிரே எடுபட்டிருக்கும்.

‘கிரீஸ்’ பார்வையாளர்களை அரங்கத்துக்கு உள்ளேயே உட்காரவைத்தது. இயக்கியவர்கள் இருவர். தாமஸ் கெய்ல் மேடைக்காரர். அலெக்ஸ் ருட்ஜின்ஸ்கி நடனப் போட்டி நேரலையில் கேமரா நகர்த்திப் பழகியவர். பாட்டை மாத்திரை மாத்திரையாக எண்ணி, எந்த அடியில் எந்தக் கேமரா என்று எழுதி வைப்பார்கள். நாலு வினாடிக்கு ஒரு வெட்டு என்றாலும் மூன்று நிமிடப் பாட்டுக்கு 45 வெட்டு. பார்வையாளரும் அந்தத் தாளில் உண்டு, எந்த வெட்டில் அவர்கள் தெரியலாம், எதில் தெரியக்கூடாது என்று. அந்த ஆண்டு எம்மியில் (அமெரிக்க டிவி விருது) இயக்கத்துக்கு இருவருக்கும் விருது.

வெளிப்புறத்தில் எடுப்பவர்கள் சூரியனையும் நடிகர் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ‘கிரீஸ்’ கிழக்குக் கரையில் இரவு 7 மணி என்றால், அதை நடத்திய லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்துப் பர்பேங்கில் மாலை 4. ஜனவரி 31 அன்று அங்கே ஐந்தரை மணிவாக்கில்தான் அஸ்தமனம். பகலில் தொடங்கி இரவுக் கேளிக்கைத் திடலில் முடியும்படி கதையும் ஒத்துப்போனது. அதோடு மழை வேறு. குடையைப் பிடித்தபடியே தொடக்கப் பாட்டைச் சமாளித்தார்கள். ‘ஹேர்ஸ்பிரே’ டிசம்பர் 7, கிழக்கில் 8 மணி, லாஸ் ஏஞ்சலிஸில் மாலை 5. சூரியன் ஏற்கெனவே போய்விட்டது. காலை வணக்கம் சொல்லும் முதல் பாட்டுக்கு விளக்கு போட்டு விடியவைக்க வேண்டியிருந்தது.

#11 மாணவன்_2

ஒரு சந்தேகம். மேடையில் ஒவ்வொரு வேடத்துக்கும் மாற்று நடிகர் தயாராக இருப்பார். ‘ரென்ட்’டில் ரோஜராக நடித்த பிரென்னின் ஹன்ட் முந்தின இரவு பாதத்தை உடைத்துக்கொண்டபோது ஏன் மாற்று ஆளை இறக்கவில்லை?

#12 திரைச்சீலை

ஆளே இல்லை, அதனால் இறக்கவில்லை. ஓர் இரவு நிகழ்ச்சிக்கு எட்டு வேடத்துக்கும் மாற்று நடிகரை வைத்து, கேமராவோடு ஒத்திகை பார்க்க யாரும் காசு தரமாட்டார்கள். வசனமும் பாட்டும் தெரிந்தால் மட்டும் போதாது, 45 வெட்டிலும் எங்கே நிற்க வேண்டும் என்று காலுக்குத் தெரிய வேண்டும். ‘கிரீஸ்’ நாளில் வனெசா ஹட்ஜென்ஸின் தந்தை முந்தைய இரவுதான் இறந்திருந்தார். அவரே வந்து நடித்தார்.

மாற்று நடிகருக்குப் பதிலாக இருப்பது முழு உடை ஒத்திகையின் ஒளிப்பதிவு. ‘ரென்ட்’டில் அன்று போனதில் பெரும்பகுதி அதுதான். கடைசிப் பகுதியை மட்டும், உடைந்த காலோடு ஹன்ட்டை உட்காரவைத்து, நேரலையாகச் செய்தார்கள். 1996 மேடைக் குழுவும் முடிவில் வந்து சேர்ந்துகொண்டது.

#13 ஒலிப்பெட்டி

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு தம்பி. அந்த ஒத்திகை ஒளிபரப்பாகாதுன்னு நெனச்சு நடிகருங்க தொண்டையைக் காப்பாத்திக்குவாங்க, உச்ச சுரத்தை முழுங்கிக்குவாங்க, அரைக்குரல்ல பாடுவாங்க. வழக்கமா அது புத்திசாலித்தனம். ஆனா மறுநாள் அந்த ஒலிநாடாவையே போட வேண்டி வந்தா ஒண்ணும் செய்ய முடியாது. அதனால உடை ஒத்திகை ரெண்டு வைக்கணும். ஒண்ணு அரைக்குரல், கேமராவுக்கு. இன்னொண்ணு முழுக்குரல், பார்வையாளரோட, ஒவ்வொரு மைக்கும் தனித்தனித் தடத்துல பதிவாகணும். முழுக்குரல் ஒத்திகைக்கும் ஒளிபரப்புக்கும் நடுவுல ஒரு ராத்திரியாவது தொண்டைக்கு ஓய்வு. தேதி குறிக்கும்போதே அந்த ராத்திரியையும் குறிச்சிடுங்க, இல்லன்னா தயாரிப்பு நிர்வாகி அதுல எதையாவது நுழைச்சிடுவார்.